சாத்தானுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவன்

எழுநூறு வருஷத்துக்கு முந்தி
இங்கிலாந்தில் ஏதோ ஒரு துறவி
குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே எழுதியிருக்கிறான்:
சிறையில் ஒரு பெண். பெயர் யூலியானா.
தேவதூதன் வேஷத்தில் வந்த சாத்தானை
மடக்கிக் கட்டி, தன் விலங்காலேயே விளாசுகிறாள்.
சாத்தான் கெஞ்சுகிறான்:
அம்மணி, ஊர் சிரிக்கும். இனி என்னை எவன் மதிப்பான்?

பல்லார்ட் எஸ்டேட்டில் கப்பல் ரசீது அடிக்கிற நான்
மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில்
அதைத் தமிழில் போட்டேன்.
சாத்தானுக்கு மட்டும் திருநெல்வேலிப் பேச்சு.
அது தானாக வந்தது.

பிப்ரவரி பதினாறு, அவள் திருநாள்.
தாராவி, தொண்ணூறடி ரோடு,
தோல் கிட்டங்கிக்கும் கறிக்கடைக்கும் நடுவில்
நாலு கட்டிலைச் சேர்த்துப் போட்ட மேடை.
யூலியானா: சகாயராணி, பிளாஸ்டிக் தரம் பிரிப்பவள்.
சாத்தான்: அருளப்பன், தண்ணீர் லாரி கிளீனர்.
சங்கிலி லாரியினுடையது. நிஜம்.
நான் சாக்குப் படுதாவுக்குப் பின்னால்
செல்போன் வெளிச்சத்தில்
வரிக்கு வரி விரல் வைத்தபடி.

முதல் அடி விழுந்ததுமே சனம் எழுந்துவிட்டது.
ஒன்பது நாளாகத் தண்ணீர் வராத சந்துப் பெண்கள்
‘இன்னொண்ணு போடு தாயி’ என்றார்கள்.
‘எம்மா, விட்ருங்க,
நரகத்துல மேஸ்திரி
சம்பளத்தப் பிடிச்சிருவான்’ என்றான் அருளப்பன்.
இது நான் எழுதியதில்லை.

மூலத்தில் அவனைச் சந்தை வழியாக இழுத்துப்போய்
மலக்குழியில் தள்ளுகிறாள்.
‘பள்ளம்’ என்று நாகரிகமாக மாற்றியிருந்தேன்.
சகாயராணி கையை நீட்டிக் காட்டியதோ
காலையில் நாற்பது பேர் நிற்கிற, கதவில்லாத,
எங்கள் சந்துமுனைக் கக்கூஸை.
பங்குச்சாமியார் குடித்த சோடா
மூக்கு வழியே வந்தது.

அப்போதுதான் முன்வரிசையில்
நாலரை வயது ஜெனிஷா, அவன் மகள்,
‘எங்கப்பாவ விடு’ என்று கத்தினாள்.

சிரிப்பு இன்னும் கூடியது.
பிறகு ஓரங்களிலிருந்து குறைந்து வந்தது.

‘இழு’ என்று கிசுகிசுத்தேன். ‘குழிக்கு இழு.’
சகாயராணி குனிந்து, கொக்கியைக் கழற்றினாள்.
அவன் கழுத்தில் சிவந்திருந்த இடத்தை
புறங்கையால் ஒரு தரம் துடைத்துவிட்டாள்.

அந்தத் துறவி எழுதாத பக்கம்.
சாத்தானுக்குப் பிள்ளை உண்டா என்று
அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் கதைக்குத் தலை விழ வேண்டுமே.
வெட்டுகிறவன் வந்தான், ஜிகினாத்தாள் சுற்றிய வாளோடு.
அவள் முட்டி போட்டாள்.
இங்கேதான் சாத்தான் திரும்பி வந்து
‘வெட்டு, வெட்டு’ என்று குதிக்க வேண்டும்.
அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்க்க
‘ஐயோ, மறுபடியும் பிடிச்சிருவாளே’ என்று ஓட வேண்டும்.
கழுத்துக்கும் வாளுக்கும் நடுவில்
அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு சிரிப்பு.
அதற்காகத்தான் மொத்தக் கதையையும் மொழிபெயர்த்தேன்.

அருளப்பன் வந்தான். இடுப்பில் மகள்.
அவள் கவுனெல்லாம் அவன் பூசிய கரி.
‘வெட்டு’ என்று எடுத்துக் கொடுத்தேன்.
வாயைத் திறக்கவில்லை.
‘வெட்டு.’
பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
‘வெட்டுடா!’

அந்த மூன்றாவதை மைக் பிடித்துக்கொண்டது.
தொண்ணூறடி ரோடு முழுக்க,
கறிக்கடை தாண்டி, பஸ் நிறுத்தம் தாண்டி,
அவளை வெட்டச் சொன்னது என் ஒரு குரல்தான்.

சனம் படுதாவைப் பார்த்தது.
சகாயராணி, குனிந்த தலையோடு,
ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.
படுதாவில் ஓட்டை இருந்தது.

என் விரலுக்கடியில் அடுத்த வரி:
சாத்தான் அலறியபடி ஓடுகிறான்.

செருப்பைத் தேட நேரம் இருக்கவில்லை.